விக்டோரியா படித்த நாலு பக்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் விக்டோரியாவுக்கு இருபத்து நாலு வருஷ சர்வீஸ். எளாவூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறுவாள். செக்கிங் பலகையில் ஒயர் கட்டைச் சொருகி, பச்சை விளக்கு எரிந்தால் முத்திரை போட்டுத் தள்ளுவாள். சிவப்பு எரிந்தால் எடுத்துத் தனியே வைப்பாள். புருஷன் ஜெயராஜ் ஓர் இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரே மகள் ஜெனிபர் பொன்னேரியில் கல்லூரி இரண்டாம் வருஷம். கடன் தொல்லை இல்லை, சண்டை சச்சரவு இல்லை. அவளைப் பற்றிக் கேட்டால் லைனில் உள்ளவர்கள் "அமைதியானவங்க" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

போன வருஷம் ஆடி மாசத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாவல் அந்த பஸ்ஸுக்குள் வந்தது. 'பீடத்தடி ஓலை' என்று பெயர். அட்டையில் ஒரு சிலுவை, சிலுவையிலிருந்து ரத்தம். நாலு மாசத்தில் இருபது பதிப்பு போயிற்று என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. கடலோரத்து ஒரு பழைய தேவாலயத்தின் பீடத்துக்கு அடியில் நானூறு வருஷமாக ஓர் ஓலைக்கட்டு இருக்கிறது. அதில் எழுதியிருப்பது வெளியே வந்தால் சபையே ஆட்டம் காணும். அதை மறைக்க ஒரு ரகசியக் கூட்டம், ஒன்றன்பின் ஒன்றாகக் கொலை, துப்புத் துலக்க ஒரு பத்திரிகைக்காரன். இதுதான் கதை.

முதலில் வாங்கியவள் பூவம்மாள். விக்டோரியாவுக்குப் பக்கத்துப் பலகையில் வேலை செய்கிறவள். பெரியபாளையத்து அம்மனுக்கு வருஷம் தவறாமல் வேப்பிலை கட்டுகிறவள்.

"அக்கா, அந்த பாதர் கெணத்துல கெடக்குற எடத்துல எனக்கு அல்லு உட்டுப்போச்சுக்கா. படிச்சுகினே இருந்து ஸ்டாப்பிங்கை உட்டுட்டேன். ஆமா, உங்க கோயிலுக்கு அடிலயும் சுரங்கம் கீதா?"

"எங்க கோயில்ல பாத்ரூம் கட்றதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு பூவம்மா. சுரங்கம் எங்க தோண்றது" என்றாள் விக்டோரியா.

பஸ் முழுக்கச் சிரித்தது. ஆனால் அன்றைக்கே புத்தகம் அவள் பைக்குள் வந்துவிட்டது.

ஒரு மாசத்தில் அதைப் படிக்காத ஆளே சிப்காட்டில் இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் ரகு கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டே சத்தியம் செய்தான். "இத்த கதன்னு நெனச்சுகினு கீறீங்களா? அத்தினியும் நெசம். யூடியூப்ல மூணு பார்ட் போட்டுக்கிறான். கடைசில மட்டும் எழுதுனவரு பயந்துட்டாரு. பேரச் சொல்லாம உட்டுட்டாரு." ஜெயராஜ் நாற்பத்தைந்து பக்கம் படித்துவிட்டு மூடி வைத்தார். அவருக்கு வேறு குறை. "ஒன்றரை டன் மணிய ஒத்த ஆளு கயித்தக் கட்டி எறக்குறானாம். ஷாக்கிள் இல்ல, செயின் பிளாக் இல்ல. எவன் நம்புவான்?" ஜெனிபர் போனில் வாசகர்கள் எழுதியதைப் படித்துக் காட்டுவாள். ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு 'மூச்சு விடாமல் படித்தேன்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரே நட்சத்திரம் போட்டிருந்தார். புத்தகம் மழையில் நனைந்து வந்ததாம்.

விக்டோரியா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவள் முழுக்கப் படித்துவிட்டாள். கொலைகாரன் யார் என்று தெரிந்தபோதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது அத்தியாயத்துக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போனாள். அதில் நாலு பக்கம்.

அந்த நாலு பக்கத்தில் கிளாரா என்கிற சிஸ்டர் கோயில் பெருக்குகிறாள். மணி நாலேகால். தூங்குகிறவர்கள் ஜன்னலில் வெளிச்சம் விழக் கூடாதென்று ஒரே ஒரு விளக்கைப் போடுகிறாள். பீடத்துப் படியிலிருந்து ஆரம்பித்து, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து, வாசல்வரை பெருக்கி வருகிறாள். அவளுடைய கால் தடம்கூடத் தரையில் மிஞ்சுவதில்லை. வாசலில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறாள். அந்த நேரத்தில் ஆண்டவரிடம் கேட்க அவளுக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் மணி அடிக்கிறது. ஐந்தாவது பக்கத்தில் அவளைக் கொன்றுவிடுகிறார்கள்.

கதைக்கு அந்த நாலு பக்கம் தேவையே இல்லை. ஆனால் எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் விக்டோரியாவுக்கு விளங்கவில்லை.

ஏனென்றால் பதினேழு வயதில் அவள் திருவள்ளூருக்கு வெளியே ஒரு கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். சிஸ்டர் ஆகப் போகிறேன் என்று பிடிவாதமாகப் போனாள். அங்கே மூன்று வருஷம் இருந்தாள். பின்னிரண்டு வருஷமும் கோயில் பெருக்குவது அவள் முறை. அந்த ஒற்றை விளக்கு, பின்னால் நகர்ந்து வருவது, வாசலில் நிற்பது எல்லாம் அவளுடையவை. ஒன்றும் கேட்கத் தோன்றாத அந்த ஒரு நிமிஷமும் அவளுடையதுதான்.

இருபதாவது வயதில் அப்பா லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அவர் முன்பு வயலில் கூலி வேலை செய்தவர். வயல் கம்பெனியானதும் அங்கேயே லோடு ஏற்றப் போனவர். தம்பி பத்தாம் வகுப்பு. அம்மா வந்து மடத்துத் தலைவியான மதரிடம் அழுதாள். "ரெண்டே மாசம்" என்று சொல்லித்தான் விக்டோரியா வீட்டுக்கு வந்தாள். வந்த கையோடு கம்பெனியில் சேர்ந்தாள். அதுவும் இரண்டே மாசத்துக்குத்தான். பத்தாவது மாசம் மதரிடமிருந்து கடிதம் வந்தது. 'வருகிற ஜூன்வரை உனக்காகக் காத்திருப்போம்' என்று எழுதியிருந்தார். வருகிறேன் என்று எழுத முடியவில்லை, வரமாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. ஜூன் போய்விட்டது. அப்பா நாலு வருஷம் படுக்கையில் கிடந்து இறந்தார். பிறகு ஜெயராஜ் வந்தார். நல்ல மனுஷர். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த மடத்துப் பக்கம் அவள் திரும்பிப் போகவே இல்லை. அங்கே அடுத்த கட்டிலில் படுத்த மெர்சி என்கிற சிநேகிதிக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. வருவேன் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தவள், என்னவென்று எழுதுவாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்பியக் கூட்டம். மாசம் ஒருமுறை பங்குக் கோயிலைச் சேர்ந்த பத்துப் பதினைந்து குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்லும். அன்றைக்கு ஜெபம் முடிந்ததும் பேச்சு புத்தகத்துக்குப் போனது. தலைவி ஆரோக்கியமேரி கையில் ஒரு பிரதி. யாரிடமிருந்தோ பிடுங்கி வந்திருந்தார்.

"இத்த யாரு ஊட்லயாவது வச்சிருந்தா இன்னைக்கே எரிச்சுடுங்க. பாவம் சேரும்."

"நீங்க படிச்சீங்களா ஆன்ட்டி?" என்றாள் ஹெலன். பள்ளிக்கூட டீச்சர், சின்னப் பெண்.

"படிக்கலன்னா இன்னா? சாக்கடைல எறங்கிப் பாத்துதான் நாறுதுன்னு சொல்லணுமா?"

"கதைதானே ஆன்ட்டி. எனக்குக்கூட அந்த லத்தீன் எல்லாம் தப்புன்னு தோணுச்சு. ஆனா போரடிக்கல. போன மாசம் டீச்சர்ஸ் ட்ரெயினிங்குக்குத் திருவள்ளூர் போயிருந்தேன். அங்க மடத்து ஸ்கூல் ஹெச்.எம். மெர்சி சிஸ்டர், அவங்களே படிச்சிட்டாங்களாம். மேடையிலயே சொல்லிச் சிரிச்சாங்க."

விக்டோரியா நிமிர்ந்து பார்த்தாள்.

ஆரோக்கியமேரி அதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா விக்டோரியா, நீயும் படிச்சியாமே. நீ சொல்லு. நல்லாவா கீது?"

எல்லாரும் திரும்பினார்கள். விக்டோரியா மெல்லச் சொன்னாள். "ஒரு எடம் நல்லாருந்துச்சு."

"எந்த எடம்?"

"அந்த சிஸ்டரு கோயில் பெருக்குற எடம்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஆரோக்கியமேரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இம்மாம் பெரிய புக்குல ஒனக்கு பெருக்குறதுதான் கெடச்சுதா?"

விக்டோரியாவும் கூடச் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு நடக்கும்போது ஜெயராஜிடம், "சனிக்கெழம லீவுதான். திருவள்ளூர் வரைக்கும் போயிட்டு வரட்டா? அங்க எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க கீறாங்க" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா" என்றார். யார், என்ன என்று கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் மடத்தில் இருந்தது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

பெரியபாளையம் போய் பஸ் மாறினாள். ஆடிச் சனிக்கிழமை. மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகப் பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மகனுக்குக் கால் சரியானதற்காக வந்ததாகச் சொன்னாள். கேட்டாள், கிடைத்தது, வந்திருக்கிறாள். அந்தத் தெளிவைப் பார்க்க விக்டோரியாவுக்குப் பொறாமையாக இருந்தது. தான் எதற்குப் போகிறோம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

மடத்தை அடையாளமே தெரியவில்லை. மாந்தோப்பு இருந்த இடத்தில் மூன்று மாடிப் பள்ளிக்கூடம். வாட்ச்மேன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். அலுவலக அறையில் கண்ணாடி போட்ட, கொஞ்சம் பருத்த ஒரு சிஸ்டர் தேர்வுத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"வணக்கம் சிஸ்டர்" என்றாள் விக்டோரியா வாசலிலேயே நின்று.

மெர்சி தலை நிமிர்ந்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். "சிஸ்டரா? அடிப்பேன்" என்றாள். அப்புறம் எழுந்து வந்து, இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டீ வந்தது. இருபத்து நாலு வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார்கள். புருஷன், மகள், கம்பெனி. இந்தப் பக்கம் பி.எட்., நாலு ஊர் மாற்றல், ஒரு ஆபரேஷன். அதற்கப்புறம்தான் விக்டோரியா புத்தகத்தைப் பற்றிக் கேட்டாள்.

மெர்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "பன்னெண்டாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி டெஸ்குக்கு அடியில வச்சுப் படிச்சுட்டு இருந்தா. பிடுங்கிட்டு வந்தேன். திருப்பிக் குடுக்க ரெண்டு நாள் ஆயிடுச்சு, நான் முடிக்கணும்ல? யாரு கொலைகாரன்னு எனக்குப் பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு, பிஷப்புக்கு உக்காந்து இவ்வளவு சதி பண்ண நேரம் ஏது? எங்க பிஷப்புக்கு ஊர் ஊராப் போய்ப் பசங்களுக்கு உறுதிபூசுதல் குடுத்து முடிக்கவே நேரம் பத்தல."

"பதினோராவது அத்தியாயம்?"

"அது எது?"

"அந்த கிளாரா சிஸ்டர் கோயில் பெருக்குவாங்களே. சாவுறதுக்கு முன்னாடி."

"ஓ, அதுவா. அந்த இடம் கதைய நிறுத்துது. நான் தள்ளிட்டேன்."

விக்டோரியா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு தூரம் வந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான் என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. மெர்சியின் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"என்ன விக்டோரியா?"

"அது நான்தான் மெர்சி. நானு எப்புடிப் பெருக்கினு வருவேனோ அப்புடியே எழுதிக்கிறாங்க. வாசல்ல வந்து நிப்பேன். அப்ப சாமிகிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. ஊட்ல சொன்னா புரியாது. பஸ்ல சொன்னா சிரிப்பாங்க. ஒன்கிட்ட சொல்லலாம்னு வந்தேன்."

மெர்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ வரலன்னு எனக்கு அவ்வளவு கோபம். ஜூன் முடிஞ்ச அடுத்த வாரமே உன் கட்டிலுக்கு வேற பொண்ணு வந்துட்டா. அவகிட்ட நான் ஒரு மாசம் பேசல. ரெண்டு வருஷம் ஜெபத்துல உன் பேரைச் சொல்லாமலே இருந்தேன், வேணும்னே."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்ல ஆரம்பிச்சேன். இன்னிக்கிக் காலையிலகூட சொன்னேன்."

வெளியே யாரோ பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டு போனார்கள். மெர்சி திடீரென்று, "ராத்திரி தங்கிட்டுப் போ. கெஸ்ட் ரூம் காலியா இருக்கு. காலையில நீ பெருக்கு. பெருக்குற அம்மாவை நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

விக்டோரியா வீட்டுக்குப் போன் செய்தாள். ஜெயராஜ் "சரி" என்றார். கொஞ்சம் விட்டு, "ஜெனிக்கு நான் தோச ஊத்தித் தர்றேன். நீ கவலப்படாத" என்றார்.

நாலு மணிக்கு அலாரம் இல்லாமலே விழித்தாள். கோயிலுக்குள் போனாள். பழைய சிவப்புச் சிமெண்ட் தரை போய்க் கிரானைட் போட்டிருந்தார்கள். ஒரு விளக்கை மட்டும் போட்டாள். பூந்துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பீடத்துப் படியில் குனிந்தாள்.

முதல் நாலைந்து வீச்சுக்கு உடம்பு எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. பிறகு இடுப்பு வலித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது ஜெயராஜின் முட்டி வலி நினைவுக்கு வந்தது. ஆண்டவரே, அவருக்குக் கிரேன் ஏணியில் ஏறும்போது ஒன்றும் ஆகக் கூடாது. இரண்டாவது பெஞ்சு தாண்டுவதற்குள் ஜெனிபர் வந்தாள். போன செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது. பிறகு தம்பி. தம்பி மனைவிக்கு இன்னும் குழந்தை இல்லை. பூவம்மாளுக்குக் கழுத்தில் வந்திருக்கும் கட்டி, அது சாதாரணக் கட்டியாகவே இருக்க வேண்டும். லைனில் புதிதாக வந்திருக்கும் ஒடிசாப் பெண், பேர்கூடச் சரியாக வாயில் வராது, சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பேர் வந்தது. அவள் தடுத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. வாசலுக்கு வந்து நிமிர்ந்தபோது கேட்பதற்கு அவ்வளவு இருந்தது. ஒன்றும் கேட்காத அந்த நிமிஷம் மட்டும் வரவில்லை.

வாசலுக்கு வெளியே ரப்பர் செருப்போடு மெர்சி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"கெடச்சுதா?" என்று மெல்லக் கேட்டாள்.

விக்டோரியா இல்லையென்று தலையாட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எனக்கும் ரொம்ப வருஷமா இல்ல" என்றாள் மெர்சி. "உள்ள வந்து முட்டி போட்டா ஸ்கூல் கட்டட லைசென்ஸ்தான் ஞாபகம் வரும். அதனாலதான் அந்தப் பக்கத்தைத் தள்ளிட்டேன். நாலு வரி படிச்சேன். தாங்கல."

இருவரும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். மெர்சி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தார்கள். பிறகு சிஸ்டர்கள் ஒவ்வொருவராக வந்து முன் பெஞ்சுகளில் முட்டி போட்டார்கள். மெர்சி எழுந்து தன் இடத்துக்குப் போனாள். விக்டோரியா பூசை முடியும்வரை இருந்துவிட்டு, நாஷ்டா சாப்பிட்டு, போன் நம்பர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் ஜெயராஜ் வண்டியோடு நின்றிருந்தார். எத்தனை மணிக்கு வருவாள் என்று அவள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"எப்பலேந்து நிக்கிறீங்க?"

"இப்பதான்" என்றார். சட்டை முதுகு முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஜெனி அம்மா, அங்கியே இருந்திருக்கலாம்னு தோணுச்சா?"

பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவர் கேட்காத கேள்வி. இல்லை என்று சொல்லிவிடலாம். அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

"தோணுச்சு" என்றாள். "எப்பவும் தோணிகினேதான் கீது. ஒங்க மேல கொறையினால இல்ல."

அவர் ஹேண்டில்பாரில் இருந்த தூசியைக் கையால் துடைத்தார். "அது எனக்குத் தெரியும்" என்றார். "நீ தெனம் காலைல நாலு மணிக்கு ஜன்னலாண்ட நிப்ப. நான் முழிச்சிகினுதான் படுத்திருப்பேன். கூப்ட மாட்டேன்."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஹைவேயில் கல்கத்தா லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் ஓரமாக, மெதுவாக ஓட்டினார்.